ஒழுங்கு விதிகளின் இரண்டாம் பக்கம்

காலை 8.04. முதலில் கண்ணில் பட்டது வெள்ளைச் சீருடை. வீதியின் மறுபக்கத்தில், சில்லறைக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாணவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. வெள்ளைச் சப்பாத்தின் ஓரங்களில் ஈரச் செம்மண். அவள் எங்கள் பாடசாலையின் வாயிற்கதவைப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. கதவுக்கு உட்புறம், இடுக்கின் வழியே வெளியே பார்த்தபடி, கையில் பதிவுக் கொப்பியுடன் நான் நின்றிருந்தேன். நடுவில் இருந்தது வீதி மட்டும். அவள் அதைக் கடக்கவில்லை.

கடை முகப்பில் ஒரு கயிற்றில் அன்றைய பத்திரிகைகள் தொங்கின. அவள் அவற்றின் பக்கம் திரும்பி, முதற் பக்கங்களை நிதானமாக வாசித்தாள். 8.25க்கு பலாபத்வல பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. பஸ் நகர்ந்தபோது கூரைக்குக் கீழே யாரும் இல்லை.

8.30க்கு நான் கொப்பியை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வானொலியில் ஏழு மணிச் செய்திக்கு முன்னால் ஒலிக்கும் சமிக்ஞைக்கு என் கைக்கடிகாரத்தை நாள்தோறும் சரிபார்ப்பேன். அது அதிபருக்குத் தெரியும். அதனால்தான் மாத்தளை நகரில் இருந்த அந்தத் தமிழ்மொழிப் பாடசாலையின் வாசற் கடமை என்னிடமே நிலைத்தது. மற்ற மாணவர் தலைவர்களுக்கு வாரந்தோறும் இடம் மாறும். ஒரு வாரம் மாடிப்படி, ஒரு வாரம் தண்ணீர்க்குழாய், ஒரு வாரம் சைக்கிள் கொட்டகை. எனக்கு மட்டும் எல்லா வாரமும் வாசல். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, போர்க்காலம். நான் உயர்தரம் இரண்டாம் வருடத்தில் வர்த்தகப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாடசாலையின் ஒழுங்கு விதிகள் காரியாலயத்துக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கின. மொத்தம் இருபத்தாறு விதிகள், தட்டச்சு செய்யப்பட்டவை. பெண்பிள்ளைகள் இரட்டைப் பின்னல் பின்னி கறுப்பு ரிபன் கட்ட வேண்டும். முஸ்லிம் மாணவிகளின் பர்தா வெள்ளையாக இருக்க வேண்டும். ஆண்பிள்ளைகளின் முடி காதைத் தொடக்கூடாது. நகத்துக்குச் சாயம் கூடாது. கழுத்தில் கறுப்புக் கயிறு கூடாது. இந்தக் கடைசி விதி அந்த வருடங்களில் சேர்க்கப்பட்டது. ஏனென்று யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தாயத்துக் கட்டிய பிள்ளைகளின் வீடுகளில் அதை வெள்ளை நூலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதிபர் கையொப்பமிட்ட அடையாளக் கடிதத்தை எந்நேரமும் பையில் வைத்திருக்க வேண்டும் என்றது இன்னொரு விதி. அதை ஒருவரும் மீறியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான்காவது விதி என்னுடையது. “காலை 7.30 மணிக்கு வாயிற்கதவு மூடப்படும். அதன்பின் வரும் மாணவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள்.”

வாசலில் நடந்தது வேறு. 7.30க்குக் கதவு மூடும். காலைக் கூட்டம் முடியும் வரை பிந்தி வந்தவர்கள் வெளியே வரிசையாக நிற்பார்கள். 7.50க்கு நான் கதவைத் திறந்து, பெயர், வகுப்பு, வந்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதி உள்ளே விடுவேன். மைதானத்தில் ஆளுக்குப் பத்துக் கடதாசித் துண்டு பொறுக்குவது தண்டனை. 7.50க்கும் பிறகு வருபவர்கள் கதவைத் தட்டி, காரணம் சொன்னால் அதற்கும் வழி இருந்தது. அவர்களை 8.30 வரை உள்ளே எடுக்கலாம். நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும் அதே கதவுக்கு வெளியே நின்று வளர்ந்தவர்கள். பஸ் பிந்தியது, அம்மாவுக்குச் சுகமில்லை, சப்பாத்து காயவில்லை என்று காரணத்தை நடந்து வரும்போதே தயார்செய்து விடுவார்கள்.

கடைக்கூரைக்குக் கீழே நின்ற மாணவிக்குத் தெரியாது.

அவள் எங்கள் வருடம்தான், கலைப் பிரிவு. பலாபத்வலவுக்கு உள்ளே, மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தாள். அங்கிருந்த பாடசாலை சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். உயர்தரத்துக்காக எங்களிடம் வந்த தோட்டத்துப் பிள்ளைகளில் அந்தப் பாதையிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு ஒரு மணித்தியால நடை. விடிந்த பிறகு புறப்பட்டால் 6.50 பஸ் கிடைக்கும். அந்த பஸ் சரியாக ஓடினால் 7.20க்கு எங்கள் வாசலில் நிற்கலாம். பெரும்பாலான நாட்களில் அது சரியாகத்தான் ஓடியது.

ஓடாத நாட்களுக்குக் காரணம் நகரத்துக்குள் நுழையும் இடத்தில் இருந்த சோதனைச் சாவடி. மண் நிரப்பிய பீப்பாய்களுக்கு இடையில் பஸ் வளைந்து போய் நிற்கும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து கடக்க வேண்டும். ஆண்களின் பைகளைப் பார்க்க ஆள் எப்போதும் இருந்தார்கள். பெண்களின் பைகளைப் பெண் பொலிஸ்தான் பார்க்கலாம். அவரும் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தார். அவர் வரப் பிந்தும் நாட்களில் பெண்கள் எல்லோரும் வீதியோரத்தில் நிற்பார்கள். ஒருமுறை நானும் அந்த பஸ்ஸில் வந்து மாட்டிக்கொண்டேன். முப்பத்திரண்டு நிமிடம். என் பையைப் பார்க்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. பெண்களை விட்டுவிட்டுப் புறப்பட நடத்துனருக்கு மனம் இல்லை. அதனால் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

முதல் தடவை அவள் திரும்பிப் போனதைப் பார்த்தபோது, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை எதுவும் நினைக்கவில்லை. அதன் பிறகு அது வாசலில் நான் காணும் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது. பாண் வேன் வரும், கடைக்கார நானா பலகைகளைக் கழற்றுவார், சில நாட்களில் அவள் நிற்பாள், பஸ் வரும், போவாள்.

ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலைக் கூட்டத்தில் அதிபர் அந்த வாரத்தில் பிந்தி வந்தவர்களின் தொகையை வாசிப்பார். நான் வாசலுக்கு வந்ததிலிருந்து தொகை குறைந்துகொண்டே போனது. அவர் அதை இரண்டு தடவை எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார். கடைக்கூரைக்குக் கீழே நின்று திரும்பிப் போகும் ஒருத்தி என் கொப்பியில் ஏற மாட்டாள். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் உயர்தரப் பரீட்சை. அதற்கு இரண்டு மாதம் இருந்தபோது வரவு இடாப்புகள் காரியாலயத்துக்குப் போயின. நூற்றுக்கு எண்பது வரவு இல்லாதவர் பாடசாலை மூலம் பரீட்சை எழுத முடியாது. அது எங்கள் பாடசாலையின் விதி அல்ல, மேலிடத்து விதி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போடவேண்டிய அவசியமே இல்லை, ஆசிரியர்கள் தினமும் சொன்னார்கள். எங்கள் வருடத்தில் மூன்று பேருக்கு எண்பது வரவில்லை. இரண்டு பேர் நகரத்துப் பையன்கள். மூன்றாவது அவள். எண்பதைத் தொட அவளுக்கு ஒன்பது நாட்கள் குறைந்தன.

பையன்கள் இருவரும் மறுநாளே மருத்துவச் சான்றிதழோடு வந்தார்கள். ஒருவனுக்கு மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தது. அவன் அந்த மாதத்தில் எங்களோடு கிரிக்கெட் விளையாடியவன். காரியாலயத்து லிகிதர் சான்றிதழ்களைக் கோப்பில் போட்டார். விஷயம் முடிந்தது.

அவளும் அவளுடைய தகப்பனும் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நேரம் 8.35. அந்த நேரத்தில் பதிவுக் கொப்பியில் கையொப்பம் வாங்க நான் அதிபரின் அறையில் நின்றேன். வெளியே போ என்று அவர் சொல்லவில்லை. தகப்பன் வெள்ளைச் சட்டையும் சாரமும் உடுத்து, கதிரையைக் காட்டியும் உட்காராமல் நின்றார். அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவள். நேரத்தோடு வரும் நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாக என்னைக் கடந்து போனவளை முதன்முறையாகக் கிட்ட நின்று பார்த்தேன்.

அறையில் நின்ற லிகிதர் நல்ல மனிதர். அவர் குரலைத் தாழ்த்தி, தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து ஒரு மெடிக்கல் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், இன்றே அனுப்பிவிடலாம் என்றார். தகப்பன் மகளைப் பார்த்தார். அவள் அதிபரைப் பார்த்துப் பேசினாள்.

“எனக்கு ஒன்னும் சுகமில்லாம வரல, சேர். வராத நாளுக்கெல்லாம் கடிதம் குடுத்திருக்கேன். மெடிக்கல் குடுத்தா அந்தக் கடிதமெல்லாம் பொய்னு ஆயிரும்.”

அதிபர் முன்பு கணித ஆசிரியராக இருந்தவர். யாராவது ஒரு விடையைச் சொன்னால், அதற்கு வந்த வழியைக் கேட்பார். வகுப்பாசிரியரின் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். சமுகமளிக்காத மாணவர் மறுநாள் பெற்றோரின் கடிதம் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. கடிதங்களை வகுப்பாசிரியர் வாங்கி, துளையிட்டு, நூலில் கோத்து வைப்பார். வாசிக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

அவளுடைய கடிதங்கள் பதினாறு இருந்தன. எல்லாம் அவளுடைய கையெழுத்து, தகப்பனின் கையொப்பம். பதினாறிலும் ஒரே வசனம்: “நேற்று வாயிற்கதவு மூடப்பட்டிருந்தமையால் எனது மகள் வீடு திரும்பினாள் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்.”

அதிபர் எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கதவு மூடியிருந்தா தட்டுறதுதானே. ஏன் திரும்பிப் போன?”

அவளுக்கு முன்னால் தகப்பன் பதில் சொன்னார். “அவள ஏசாதீங்க சேர். நான்தான் சொல்லிக் குடுத்தேன். பெரட்டு முடிஞ்சப்புறம் போனா கங்காணி அன்னிக்குப் பேர் போட மாட்டாருங்க. நின்னு கெஞ்சுனா நாளைக்கும் சேத்து நிப்பாட்டுவாரு. பேசாம திரும்பி வந்துட்டா மறுநாள் வேல இருக்கும். அதனால கதவு மூடியிருந்தா மரியாதையா திரும்பி வந்துரு, வாசல்ல நிக்காதனு சொன்னேன்.”

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். அங்கே பேர் போடப்பட்டால்தான் அந்த நாள் வேலை நாளாகும். அதிபருக்கும் அது தெரியும். மாத்தளையில் வேலை செய்யும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது.

“இது தோட்டம் இல்லைங்க. பள்ளிக்கூடம்.”

“ஆமாங்க சேர். ரெண்டு எடத்துலயும் மணி அடிக்கிறாங்க, கதவு மூடுறாங்க. எங்களுக்கு வித்தியாசம் தெரியல.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதிபர் கடிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, கடிதம் யாரும் எழுதலாம், வலயக் கல்வி அலுவலகத்தில் இந்தப் பதினாறு தாளையும் காட்டினால் சிரிப்பார்கள், வாசல் வரை வந்தாள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார். அதைச் சொன்ன பிறகுதான் வாசலில் நிற்பவன் அறைக்குள் நிற்கிறான் என்பது அவருடைய ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

“நீ பாத்திருக்கியா?”

அறையில் நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரிந்தது. மாணவர் தலைவர்களுக்கென்று தனி விதிகள் இருந்தன. பாடசாலை நேரத்தில் சீருடையுடன் வெளியே நிற்கும் எந்த மாணவரையும் அன்றே அதிபருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. ‘ஆம்’ என்றால் அந்த விதியை எத்தனை தடவை மீறினேன் என்பது அடுத்த கேள்வியாக வரும். அவளோ என்னை எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“பாத்திருக்கேன் சேர். எதிர்க் கடையில நிப்பாங்க. எட்டு இருபத்தஞ்சு பஸ்ஸுல திரும்பிப் போவாங்க.”

“எத்தன நாள்?”

“எண்ணல சேர். பத்துக்கு மேல.”

“பத்துக்கு மேலன்னு நான் எழுத முடியாது. எந்தெந்த நாள்?”

கொப்பியில் அந்த நாட்களே இல்லை. கொப்பியில் மூன்று பத்திகள்தான் இருந்தன; மூன்றும் உள்ளே வந்தவர்களுக்கானவை. அப்போதுதான் பத்திரிகைக் கயிறு என் நினைவுக்கு வந்தது. அவள் கடையில் பத்திரிகை வாசிப்பாள், எந்த நாளில் எதை வாசித்தாள் என்று கேட்டுப் பார்க்கலாம், நூலகத்தில் பழைய பத்திரிகைகள் கோப்பில் இருக்கின்றன என்று அதிபரிடம் சொன்னேன். தோட்டத்துக்குப் பத்திரிகை போவதில்லை என்றார் தகப்பன். போனாலும் மறுநாள்தான், கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கும்போதுதான் பார்ப்போம் என்றார்.

அதிபருக்கு யோசனை பிடித்திருந்தது. அது அவருக்கு ஒரு கணக்கைப் போலிருந்திருக்கும். கடிதங்களை வரிசையிலிருந்து கலைத்தார். நூலகத்திலிருந்து ஐந்து மாதத்துக் கோப்புகளைத் தூக்கிவந்து நான் தரையில் விரித்தேன். அவர் ஒரு கடிதத்தின் திகதியை வாசிப்பார். கடிதம் மறுநாள் எழுதியது என்பதால் அதற்கு முந்திய நாளின் பத்திரிகையை நான் எடுத்து, அவளுக்குத் தெரியாமல் பிடித்திருப்பேன். அவள் சொல்ல வேண்டும்.

அவள் கண்ணை மூடவோ விரல்விட்டு எண்ணவோ இல்லை. பாடம் ஒப்பிப்பது போலவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள். முதல் நாள், பாண் விலை கூடிய செய்தி, பெரிய எழுத்தில். சரியாக இருந்தது. இரண்டாவது நாள், கலேவெலப் பக்கம் பெரிய வெங்காயத்துக்கு விலை விழுந்தது, மூட்டைகளின் மேல் ஒரு விவசாயி உட்கார்ந்திருக்கும் படம். படம் இருந்தது. மூன்றாவது நாள், ஆசிரியர் இடமாற்றம் பற்றிய செய்தி, கீழே இடது பக்கத்தில். அது வலது பக்கத்தில் இருந்தது. அதிபர் என்னிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

“வலது பக்கம்,” என்றார்.

“மடிச்சுத் தொங்கவிட்டிருப்பாங்க சேர். நான் பாத்தப்போ இடது பக்கம்தான் இருந்துச்சு.”

அதிபர் தாளை மடித்து, என் விரலைக் கயிறாக்கி அதன் மேல் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒருவிதமாக மடித்தபோது அந்தச் செய்தி இடது பக்கம் வந்தது. அந்த நாளுக்கு நேரே சரி அடையாளமிட்டார்.

இப்படிப் பதினாறு நாட்களையும் பார்த்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. மூன்று நாட்களின் பத்திரிகை கோப்பில் இல்லை. யாரோ விளையாட்டுப் படத்துக்காகத் தாளோடு கிழித்துவிட்டார்கள். ஒரு நாள், மழைக்கு நானா பத்திரிகைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார் என்றாள். இன்னொரு நாள் அவள் வருவதற்குள் எல்லாம் விற்று முடிந்திருந்தது. அந்த நாட்களுக்கு ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று அவள் முயலவில்லை. மிச்சம் பதினொன்றும் பொருந்தின. தேவைப்பட்டவை ஒன்பது.

நான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதிபர் முடிக்கவில்லை.

வாசல் வரை வந்தாள் என்பது சரி, ஆனால் உள்ளே வரவில்லை, விதி நான்கின்படி வர முடியாது, அப்படியிருக்க அதை எப்படி வரவாகக் காட்டுவது என்று அவர் லிகிதரைக் கேட்டார். லிகிதர் கோப்பைப் புரட்டிப் பதில் தேடினார். எனக்குத் தெரிந்தது. பதில் என் கையில் இருந்தது. பதிவுக் கொப்பியின் முதல் மட்டையின் உட்புறத்தில் ஒரு தட்டச்சுத் தாள் ஒட்டியிருந்தது. அதை நான் அவருடைய மேசையில் விரித்து வைத்தேன்.

விதி நான்கு, தொடர்ச்சி. “பஸ் தாமதம், சோதனை முதலிய தக்க காரணங்களால் பிந்தி வருவோர், காரணம் பதியப்பட்டு, 8.30 மணி வரை அனுமதிக்கப்படுவர். அன்னார் அன்றைய தினம் சமுகமளித்தவராகக் கொள்ளப்படுவர்.”

அதன் கீழே இருந்தது அவருடைய கையொப்பம்.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். எழுந்து வெளியே போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். நாங்களும் பின்னால் போனோம். பெட்டி ஒரு தாளுக்கு அளவாகச் செய்யப்பட்டது. அதற்குள் இருந்தது ஒரு தாள்தான்.

“இதோட ரெண்டாம் பக்கம் எங்க ஒட்டியிருக்கு?”

“எங்கயும் இல்ல சேர். என் கொப்பியில மட்டும்தான்.”

தகப்பன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தாளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான் வாசிப்பார். நான்காவது விதியில் விரலை வைத்து முடித்த பிறகு, “இதத்தான் சேர் புள்ள சொன்னிச்சு,” என்றார்.

அன்று மத்தியானம் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைத் தட்டச்சு செய்யும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நாட்களின் பட்டியலை நான்தான் வாசித்துக் கொடுத்தேன். அதில் மாணவியின் பக்கம் தவறு இருப்பதாக ஒரு சொல்லும் இல்லை. பாடசாலை தன் விதியின் ஒரு பகுதியைக் காட்சிப்படுத்தத் தவறியது, அதனால் விதிப்படி சமுகமளித்தவராகக் கொள்ளப்பட வேண்டிய ஒருவர் பதினொரு நாட்கள் திருப்பி அனுப்பப்பட்டார் என்று எழுதியிருந்தார். லிகிதர் ‘தவறியது’ என்ற சொல்லில் விரலை நிறுத்தி, வேறு மாதிரி எழுதலாமே சேர் என்றார். அதிபர் வேண்டாம் என்றார். நான் பின்னாளில் பத்திரிகையில் பல வருடம் மற்றவர்களின் வசனங்களைத் திருத்தி வாழ்ந்தவன். அந்தக் கடிதத்தில் திருத்த எனக்கு எதுவும் இருந்திருக்காது.

கடிதத்தில் கையொப்பமிட்டுவிட்டு அவர் என்னை நிற்கச் சொன்னார்.

“பதினொன்னையும் நீ பாத்த.”

“ஆமா சேர்.”

“பதினொன்னையும் நீ எழுதல.”

நான் கொப்பியில் அதற்குப் பத்தி இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையை நீட்டினார். மாணவர் தலைவர் சின்னத்தைக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், 1.10. மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் வேறொருவன் நின்றான். அவனுடைய கடிகாரம் நான்கு நிமிடம் முந்தியது. ஒரு வாரத்துக்கு மாணவர்கள் அவனோடு சண்டை பிடித்தார்கள். அந்த நான்கு நிமிடத்தால் நானும் மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் கதவுக்கு வெளியிலிருந்து கதவைப் பார்த்தேன். மூடியிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அங்கிருந்து எதுவும் தெரியாது. இரும்புத் தகடு அடித்த கதவு. இடுக்கில் காவல் நிற்பவனின் தலையும் தோளும்தான் தெரியும். இவ்வளவு நாளும் அவள் பார்த்தது என் தலையையும் தோளையும்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் தச்சர் இன்னொரு பெட்டியை அடித்தார். முந்தியதன் நிறத்துக்குப் பொருந்தாத மரம். இரண்டாம் பக்கம் அதற்குள் போனது. பதிவுக் கொப்பியில் கையால் கோடு போட்டு நான்காவது பத்தி ஒன்று சேர்க்கப்பட்டது: ‘காரணம்’.

எதிர்க் கடை நானாவிடம் ஒருநாள் பேனை வாங்கப் போனேன். அவள் இப்போது கடையில் நிற்பதில்லையே, கவனித்தீர்களா என்று கேட்டேன்.

“ஓ, அந்தப் புள்ள. நான் ஒருநாள் கேட்டேன், என்ன மகள், உள்ளுக்குப் போகல்லயான்னு. மூடிட்டாங்க நானான்னிச்சு. ஸ்கூல் சட்டம் போலன்னு நானும் உட்டுட்டேன்.” மிச்சக் காசைத் தந்துவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். “ஒங்கட பட்ஜ் எங்க தம்பி? தொலச்சிட்டீங்களா?”

“சேர் எடுத்துட்டாரு.”

“அப்ப இனி நீங்களும் நேரத்துக்கு வரணும்,” என்றார்.

அவள் என்னோடு பேசியது ஒரே ஒரு தடவை. வலயத்திலிருந்து பதில் வந்த அன்று, இடைவேளையில், தண்ணீர்க்குழாயடியில். பதினொரு நாட்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன, அனுமதி அட்டை பாடசாலைக்கே வரும் என்று லிகிதர் சொன்னதாகச் சொன்னாள். நான் சந்தோஷம் என்றேன். அவள் போத்தலை நிரப்பி மூடியைத் திருகினாள்.

“பேர் போடுறவங்கனு நெனச்சேன் உங்கள,” என்றாள். “தட்டுனா தொறப்பீங்கனு தெரியாது.”

தட்டியிருந்தால் திறந்திருப்பேன். அதை அவளிடம் சொன்னேன். அது உண்மைதான். அவள் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அதன் பிறகும் சாவடியில் பெண் பொலிஸ் பிந்தி வந்த நாட்கள் இருந்தன. பரீட்சைக்கு முன் மிச்சமிருந்த வாரங்களில் அவள் நான்கு தடவை பிந்தினாள். நான்கு தடவையும் வீதியைக் கடந்து வந்து கதவைத் தட்டினாள். புதிய பத்தியில் அவளுடைய பெயருக்கு நேரே ‘சோதனை’ என்று எழுதியிருந்ததை, புதிய வாசல்காரனிடம் கொப்பியை வாங்கி நானே பார்த்தேன்.

பரீட்சையில் அந்தப் பத்தி செல்லாது. முதல் வினாத்தாள் 8.30க்கு. அரை மணித்தியாலம் பிந்தியவர் மண்டபத்துக்குள் வர முடியாது. காரணம் எழுத அங்கே இடம் கிடையாது. எங்கள் பாடசாலையின் பிரதான மண்டபத்தில்தான் எங்கள் எல்லோருக்கும் ஆசனம். முதல் நாள் தூக்கம் வராததால் நான் நேரத்தோடு புறப்பட்டேன். வாசலை அடைந்தபோது கடிகாரம் 6.25 காட்டியது. எதிர்க் கடை இன்னும் பலகை கழற்றவில்லை. பத்திரிகைக் கயிறு வெறுமையாக இருந்தது.

அவளும் தகப்பனும் எனக்கு முன்பே அங்கே நின்றார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு இறங்கியிருக்கிறார்கள். தகப்பனின் கையில் டோர்ச் லைட் இருந்தது. அவள் சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்து, கால்களைத் துடைத்து, அப்போதுதான் அணிந்துகொண்டிருந்தாள். தகப்பன் என்னைப் பார்த்ததும் டோர்ச் லைட்டைக் கக்கத்தில் வைத்துக் கும்பிட்டார். பிறகு கதவைக் காட்டி, தட்டலாமா என்று கேட்டார்.

பரீட்சை நாட்களில் வாயிற்கதவு ஏழு மணிக்குத்தான் திறக்கப்படும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நானும் அவர்களோடு வெளியே நின்றேன்.